அண்ணாவுக்கு விமானச்சீட்டு எடுக்குமுன் காணிப் பேரேட்டைப் பாருங்கள்

கேள்வி: என் அண்ணா 1985இல் மன்னாரிலிருந்து படகேறிக் குடும்பத்தோடு மண்டபம் முகாமுக்குப் போனவர். மூத்த மருமகள் 1986 மார்ச்சில் அங்கேதான் பிறந்தாள். இந்திய – இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு 1988இல் திரும்பி வந்தார்கள். 1990இல் சண்டை தொடங்கியதும் மறுபடியும் போய்விட்டார்கள். இப்போது பவானிசாகர் முகாமில் இருக்கிறார்கள். மருமகன் 1996இல் பிறந்தவன், பொறியியல் படித்தவன். அண்ணாவுக்கு 68 வயது. ஊரில் வந்து கண்மூட வேண்டும் என்கிறார். மச்சாளுக்கு நீரிழிவு. மச்சாளின் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளையிலிருந்து தருமபுரத்துக்கு வந்தவர்கள். கிளிநொச்சி வட்டக்கச்சியில் அப்பாவுக்கு அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் மூன்று ஏக்கர் வயலும், 2010இலிருந்து நான்தான் இருக்கிறேன். இந்திய வீட்டுத் திட்டத்து வீடும் எனக்கே கிடைத்தது. அப்பா 1994இலும் அம்மா 2011இலும் காலமாகிவிட்டார்கள். அண்ணாவை வரச் சொல்லலாமா? என்னென்ன கடதாசி தேவை? காணி விடயத்தை அவர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்தானே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வட்டக்கச்சி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். காணி விடயத்தை அவர் வந்த பிறகு பேசக்கூடாது. அவர் முகாமில் இருக்கும்போதே, இன்னும் எதையும் ஒப்படைக்காமல் இருக்கும்போதே பேசி முடிக்கவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வன்னியில் காணி வழக்குகளைப் பார்த்து வருகிற சட்டத்தரணி என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்களில் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இராணுவத்தின்மீதோ வன இலாகாவின்மீதோ முறைப்பாடு சொல்ல வந்தவர்கள் அல்லர். கூடப் பிறந்தவர்கள்மீது சொல்ல வந்தவர்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் குண்டுகளுக்கு நடுவே காணியையும் கடதாசியையும் காத்தவர். மற்றவர் முப்பது ஆண்டுகள் பத்தடிக்குப் பத்தடி அறையில் இருந்துகொண்டு அதே காணியின் மாமரத்தை எண்ணியே காலம் தள்ளியவர். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு நியாயங்களும் ஒரே வளவுக்குள் ஒரே நாளில் சந்திக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அனுமதிப்பத்திரத்தின் நிழற்பிரதியை நீங்கள் அனுப்பியது நல்ல காரியம். லக்ஸ்பிறே பால்மாப் பைக்குள் வைத்து முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மண் போயிருப்பது பிரதியிலேயே தெரிகிறது. ஆனால் நான்காக மடித்த தாளின் குறுக்கு மடிப்பு, பின்னுரித்தாளர் (அப்பாவுக்குப் பின் காணி சேரவேண்டியவர்) பெயர் எழுதவேண்டிய வரியின் மேலேயே சரியாக விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் எழுத்து தேய்ந்துபோய் முதலெழுத்து ஒன்றும் ஒரு புள்ளியும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அப்பா அண்ணாவின் பெயரையே கொடுத்திருந்தார் என்று அம்மா சொல்லக் கேட்டிருப்பதாக எழுதுகிறீர்கள். இருக்கலாம், ஆனால் அதை அந்தத் தாளிலிருந்து நான் உறுதிப்படுத்த முடியாது, நீங்களும் உறுதிப்படுத்த முடியாது. பின்னுரித்து நியமனம் அப்பா உயிரோடு இருக்கும்போதே முறைப்படி பதியப்பட்டிருந்தால்தான் செல்லுபடியாகும். ஆகவே பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் உள்ள பேரேட்டையும் (அனுமதிப்பத்திரங்களின் பதிவுப் புத்தகம்) காணிப் பதிவகத்தின் பதிவையும் பார்க்கும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள். மேட்டுக்காணிக்கும் வயலுக்கும் தனித்தனி அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தால் நியமனமும் வேறுவேறாக இருக்கக்கூடும், இரண்டையும் கேளுங்கள். போரில் சில பேரேடுகள் அழிந்தன. அப்படியானால் இல்லை என்பதையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் அந்த மூலத்தை யாராவது பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டித்தருகிறேன் என்று சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். ஒட்டிய தாளில் மடிப்புக்குள் இருக்கும் எழுத்தை அதன்பிறகு யாராலும் ஆராயமுடியாது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் முதலில் அவருடைய துணைக்கு வாழ்நாள் உரிமை, அதன்பிறகு பின்னுரித்தாளருக்கு. பின்னுரித்தாளர் ஆறு மாதங்களுக்குள் காணியில் இறங்கி ஆட்சி எடுக்காவிட்டால் அவர் பின்னுரித்தில் தவறியவராகிறார். அம்மா 2011இல் காலமானார். அண்ணா அப்போது கடலுக்கு அப்பால் இருந்தார், வர நினைத்தாலும் அனுமதியின்றி வரமுடியாத நிலையில் இருந்தார். சட்டத்தின் எழுத்தை மட்டும் வாசிப்பவர் அவர் தவறினார் என்பார். விசாரணை நடத்தும் பிரதேச செயலாளர் போரையும் இடப்பெயர்வையும் கணக்கில் எடுக்கலாம். காணி ஆணையாளர் நாயகத்தின் 2013/01 சுற்றறிக்கை வந்ததே இப்படியான அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்கத்தான். பின்னுரித்தாளர் எவரும் நியமிக்கப்படாதிருந்தால் வரிசை சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகனையே மகளுக்கு முன் வைத்தது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகே பெண் பிள்ளைகளுக்குச் சம இடம் கிடைத்தது. உங்கள் பெற்றோரின் மரணம் அதற்கு முந்தியது என்பதால் எந்த விதி பொருந்தும் என்பதே ஒரு வாதமாகும். ஆக, உங்கள் கை ஓங்கியிருக்கிறது என்றோ அண்ணாவின் கை ஓங்கியிருக்கிறது என்றோ நான் சொல்லப்போவதில்லை. சண்டை போட்டால் இருவருக்கும் பத்தாண்டு போகும் என்பதை மட்டும் சொல்வேன்.

அண்ணனும் தங்கையும் தொலைபேசியில் பேசி, வீடு நிற்கும் மேட்டுக்காணித் துண்டு யாருக்கு, வயல் யாருக்கு, கிணறு எப்படிப் பொது, அண்ணாவுக்குக் குடியிருக்க எந்த மூலை என்பவற்றை முடிவு செய்யுங்கள். பிறகு நீங்கள் இங்கே ஒரு சத்தியக்கடதாசி எழுதுங்கள். அவர் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் முன்னிலையில் ஒன்று எழுதி அனுப்பட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு பிரதேச செயலாளரிடம் காணி விசாரணை கேளுங்கள். பிரித்துக் கொடுக்கச் சட்டத்தில் அளவுக் கட்டுப்பாடு உண்டு. வயலை விரும்பியபடி துண்டாட விடமாட்டார்கள். அதனால் வயலைப் பிரிப்பதைவிட ஒருவர் வயலையும் மற்றவர் மேட்டையும் எடுப்பது எளிது. வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுப்பதோ, ஒரு நொத்தாரிசிடம் போய் உறுதி முடிப்பதோ பெர்மிட் காணியில் செல்லாது. முன்கூட்டிய எழுத்து அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபா உங்கள் பெயருக்கு வந்தது நீங்கள் அங்கே வசித்ததற்கான சான்று. காணி உங்களுடையது என்பதற்கான உறுதி அல்ல. அதேபோல, இனித் திரும்புகிற அண்ணாவுக்கும் அப்படி ஒரு வீடு கிடைக்கும் என்று யாரும் நம்பிக்கை கொடுக்கவேண்டாம். அந்தத் திட்டத்தின் 50,000 வீடுகளுக்கான பயனாளிகள் எப்போதோ தெரிவு செய்யப்பட்டுவிட்டார்கள்.

இனி ஆட்களின் கடதாசிகளுக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் சாதாரணமாக எழுதிப்போன ஒரு திகதி என்னை நிறுத்தியது. மூத்த மருமகள் 1986 மார்ச்சில் மண்டபத்தில் பிறந்தவள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1950 ஜனவரி 26இலிருந்து 1987 ஜூலை 1க்கு முன்பு வரை அந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். முகாமில் பிறந்தவருக்கும் இது பொருந்தும். இதே ஆண்டில் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022 ஓகஸ்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏதிலி அட்டையோடு வாழ்ந்தவள் உண்மையில் அந்த நாட்டின் பிரசையாக இருந்திருக்கலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் அண்ணாவோடு சேர்ந்து வருவதாக இருந்தாலும், வேறொரு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதால், தமிழ்நாட்டில் ஒரு வழக்கறிஞரைக் காணும்வரை இலங்கைக் கடவுச்சீட்டு விண்ணப்பம் எதிலும் கையொப்பமிட வேண்டாம். அவளுக்குக் கணவனும் பிள்ளைகளும் இருந்தால் (நீங்கள் எழுதவில்லை) அவர்கள் ஒவ்வொருவரின் பிறந்த திகதியையும் பிறந்த இடத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஒரு குடும்பத்துக்குள்ளேயே மூன்று விதமான சட்டநிலை இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மருமகனின் நிலை நேர் எதிரானது. 1996இல் பிறந்ததால், அப்போது பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலொழிய, அவனுக்குப் பிறப்பால் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைத் தொடவில்லை. இலங்கைக் குடியுரிமை தந்தை வழியாக அவனுக்கு வரும். ஆனால் தானாக வராது. எங்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவு, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்திலோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதியச் சொல்கிறது. தவறியவர்கள் தகுந்த காரணம் காட்டிப் பின்னர் பதியலாம். பதியாதவரை அவன் எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லன். இதைச் சென்னையில் இருக்கும்போதே செய்து முடிக்கவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் தற்காலிகப் பயணப் பத்திரத்தில் வந்திறங்கிப் பிள்ளைகளின் பதிவை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது. மூத்த பையனுக்கு வேலை கொடுக்க ஒருவர் ஆயத்தமாக இருந்தார். சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தமிழ்நாட்டின் ஒரு பேரூராட்சியிலிருந்து திருத்திய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் தகப்பனின் பெயர் ஒரு எழுத்துப் பிழையோடு இருந்தது. அந்த ஓர் எழுத்தைத் திருத்தப் பதினொரு மாதங்கள் சென்றன. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே பெயர் எழுத்துகளை இப்போதே ஒப்பிடுங்கள். இந்தியாவில் அப்பாவின் பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் போடுவார்கள். இங்கே முழுப்பெயராக எழுதுவோம். ஆங்கிலத்தில் இரண்டு கரைகளிலும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். அண்ணாவினதும் மச்சாளினதும் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், மருமகனின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்து எழுத்துக்கு எழுத்து பார்க்கவேண்டும். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழை எடுக்கப்போகும்போது கிளிநொச்சி மாவட்டம் என்று மட்டும் தேடி, இல்லை என்று சொன்னதும் திரும்பிவிடாதீர்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்; அவர் பிறந்த காலத்தில் இது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, பழைய பதிவுகளும் அந்தப் பெயரிலேயே இருக்கும். பதிவே கிடைக்காவிட்டால் எண்பதுகளின் வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் உள்ள பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியைத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். அவர் படித்த பாடசாலையின் சேர்விடாப்பையும், விதானையாரின் (கிராம அலுவலர்தான்; பதவிப் பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் நம் வாயில் அதுதான் வருகிறது) உறுதிக் கடிதத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மச்சாளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குடும்பத்திலேயே கவனமாகப் பார்க்கவேண்டியவர் அவர்தான். 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து தருமபுரத்துக்கும் வவுனியாவின் எல்லைக் கிராமங்களுக்கும் வந்து குடியேறியவர்களில் பலருக்கு இலங்கையில் பிறந்த சான்றிதழ் இருந்தது, குடியுரிமை இருக்கவில்லை. இலங்கையில் பிறந்ததால் மட்டும் ஒருவர் இலங்கைப் பிரசையாவதில்லை என்பதைப் படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்ரோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. 2009இல் வந்த திருத்தம், போரினால் இந்தியாவுக்குப் போய் முகாம்களில் இருந்தவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அவருடைய தகப்பனார் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் (மலையகத் தமிழரில் யாருக்கு இந்தியக் குடியுரிமை, யாருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பங்கிட்டது) எப்போதாவது இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தாரா, எடுத்தாரா என்று மச்சாளிடமே கேளுங்கள். எடுத்திருந்தால் விடயம் மாறும். எடுக்காதிருந்தால் அந்தச் சட்டத்தின்கீழான பிரகடனத்துக்குச் சென்னையிலேயே வழி கேட்கவேண்டும். இது தீராமல் அண்ணா மட்டும் கடவுச்சீட்டோடும் மச்சாள் ஒன்றுமில்லாமலும் நிற்கக்கூடாது.

பயணத்தைப் பற்றி. இந்தியாவும் இலங்கையும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையொப்பமிடாதவை. இலங்கை அரசியலமைப்பு நாடு திரும்பும் சுதந்திரத்தைத் தன் பிரசைகளுக்குத் தந்தாலும், முகாமிலிருந்து ஏதிலிகள் திரும்பும் முறை இரு நாட்டுச் சட்டங்களிலும் எழுதப்பட்ட ஒன்றல்ல. இரண்டு அரசுகளின் நிர்வாக ஒழுங்காகவே நடந்துவருகிறது. முகாமில் மனுக் கொடுத்து, தமிழ்நாட்டுப் பொலிஸின் கியூ பிரிவு விசாரணை முடிந்து, மறுவாழ்வுத் துறை வழியாக வெளியேறும் அனுமதி பெறவேண்டும். ஏதாவது வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகரகம் வருபவர் தன் விருப்பத்தில்தான் வருகிறாரா என்று விசாரித்துப் பயணத்துக்கு உதவி வந்திருக்கிறது. இந்த விசாரணை ஏன் வந்தது என்பது அண்ணாவின் வயதினருக்கு நினைவிருக்கும். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் காற்று மாறியபோது 1992 ஜனவரியில் கப்பல்களில் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கையொப்பம் உண்மையான சம்மதமா என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் உயர்ஸ்தானிகரகம் சரிபார்க்க அனுமதிக்கப்பட்டது. 1995இல் போர் மீண்டும் மூண்டு அது நிற்பதற்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் எத்தனையோ பேர் மறுபடியும் படகேறினார்கள். உங்கள் அண்ணாவும் ஒருமுறை திரும்பி வந்து ஏமாந்தவர். இப்போது வருகிறேன் என்று அவர் சொல்வது தன் வாயால்தானா, மச்சாளும் அப்படியே சொல்கிறாரா என்பதைத் தனித்தனியே கேளுங்கள். நீரிழிவு உள்ளவர், மருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் பழகிய வைத்தியருக்கும் அருகில் இருக்கிறார். வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி கிளினிக்குக்கு எந்த நாளில் எத்தனை மணி பஸ்சில் போகவேண்டும் என்பதை அவருக்கு மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்னுமொரு விடயத்தில் அவசரம் கூடாது. 2025 மே மாத இறுதியில் ஐ.நா. உயர்ஸ்தானிகரகத்தின் ஏற்பாட்டிலேயே திரும்பிய ஒரு முதியவர், முன்பு அனுமதியற்ற வழியில் நாட்டைவிட்டு வெளியேறினார் என்ற காரணத்துக்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் அந்தக் குற்றம் இருக்கிறது; போரில் படகேறியவர்களுக்கு அது இத்தனை காலம் பெரும்பாலும் பிரயோகிக்கப்படாதிருந்தது. அண்ணா இரண்டு முறை படகேறியவர். ஆகவே சீட்டு எடுக்கும் வாரத்தில், அந்த வாரத்து நிலை என்ன என்பதை ஐ.நா. உயர்ஸ்தானிகரகத்தின் சென்னை அலுவலகத்திலும், 1984இலிருந்து முகாம்களில் வேலை செய்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்திடமும் கேட்டுத் தெளிந்த பிறகே புறப்படவேண்டும். வந்திறங்கும் நாளில் ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்; கிளிநொச்சியில் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது, கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு அது உதவும்.

போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். முகாம் பதிவில் உள்ளவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. வெளியேறும் அனுமதியோடு புறப்பட்டால் பதிவு நீங்கும், 2021இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 இந்திய ரூபாவாக உயர்த்திய பணக்கொடை நிற்கும், வீட்டை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். திரும்பிப் போக விசா வேண்டும். அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள்தான் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பும்போது பூவரசு வேலியையும் கோயில் திருவிழாவையும் மட்டும் அனுப்பாதீர்கள். கோடையில் வற்றிய கிணற்றையும் அனுப்புங்கள். அவர் குடியிருக்கப்போகும் மூலையில் நின்று, இவ்வளவுதான் இடம் என்று காட்டுங்கள்.

மருமகனின் வேலை பற்றிச் சுருக்கமாகவே சொல்லமுடியும். அரச வேலைக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பட்ட அங்கீகாரம் தேவை. தனியார் துறையில் அதைப் பெரிதாகக் கேட்பதில்லை. பட்டச் சான்றிதழையும் புள்ளிப் பட்டியலையும் இந்திய வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தல் முத்திரையோடு கொண்டுவரட்டும். இங்கிருந்துகொண்டு அதை எடுப்பது பெரும்பாடு. வன்னிக்குள் அவன் படிப்புக்கு வேலை குறைவு, கொழும்பில் சிங்களம் தெரியாமல் சிரமம். அவன் வரத்தான் வேண்டுமா என்பதை அண்ணா அல்ல, அவனே தீர்மானிக்கட்டும். பதிவு மட்டும் இரண்டு வழியிலும் அவனுக்குத் தேவை.

முதலில் பேரேட்டுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த திகதியும் முத்திரையும் உள்ள பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிரதி கைக்குக் கிடைத்ததும் அதன் இரு பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். அதன்பிறகு அண்ணாவோடு நீங்கள் பேசும்போது நானும் தொலைபேசியில் இருக்கிறேன். மூல அனுமதிப்பத்திரத்தை மட்டும் தபாலில் போட்டுவிடாதீர்கள். நேரில் கொண்டு வாருங்கள், மடிப்பை விரிக்காமல்.